ஆசோ மலைச்சாலையில் ஐந்து மோட்டார்கள்

ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு மோட்டாரில் ஏறினால் நம் நாட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜப்பானில் நான்கு பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

நவம்பர் முதல் வாரம், சனிக்கிழமை, காலை ஆறரை மணி. கியூஷு தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் பெப்பு நகரம். தரைக்கு அடியில் வெந்நீர் ஊற்றுகள் ஓயாமல் பொங்குவதால் விடியற்காலையில் ஊரெங்கும் வெள்ளை ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். அவித்த முட்டை வாடை லேசாக வீசும். மாணவர் விடுதிக்குக் கீழே, முந்திய நாள் மாலையே வாடகைக்கு எடுத்து வைத்த மோட்டார்கள் வரிசையாக நின்றன. குளிர் 7 டிகிரி செல்சியஸ். சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் குளிரில் சும்மா நிற்பதே பெரிய வேலை.

“ஏன் ஜிப்பை முதுகுப் பக்கம் போட்டிருக்கிறாய்?” என்று கேட்டார் எங்கள் குழுத் தலைவர். நான்காம் ஆண்டு மாணவர், ஆசோவைச் சேர்ந்தவர். மூத்த மாணவரை இங்கே ‘செம்பாய்’ என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

“காற்று நெஞ்சில் அடிக்காது. இறங்கியதும் சட்டென்று கழற்றிவிடலாம். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான்” என்றேன். எல்லாரும் என்று சொன்னாலும் என் கண்ணில் நின்றது ஒருவர்தான். 19 ஆண்டுகள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரர். என் அப்பா.

ஒரு பருவத்துக்கான மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் செப்டம்பர் மாதம் இங்கே வந்தேன். வரும்போதே பி2 உரிமத்தையும், சாலைப் போக்குவரத்துத் துறையில் எடுத்த அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது மோட்டார் ஓட்டும் எண்ணம் எதுவும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான். பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அனுமதியைத்தான் ஜப்பான் ஏற்கிறது. அதில் மலேசியா இருக்கிறது. இந்தோனேசியாவும் வியட்நாமும் இல்லை. ஆகவே எங்கள் குழுவில் இருந்த பண்டுங் அபாங்கும் ஹனோய் தோழியும், சொந்த ஊரில் பள்ளிக் காலம் முதல் மோட்டார் ஓட்டியவர்களாக இருந்தும், இங்கே சோதனையில் அமர்ந்து ஜப்பானிய உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றைப் பலகைமேல் விழாமல் போய்க் காட்டவேண்டும். விர்ரென்று கடந்துவிட்டால் புள்ளி போய்விடும். மெதுவாகப் போகத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. நம் ‘தித்தி’யை நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது ஆள் தாய்லாந்தின் சியாங்மாய்க்காரர். அதிகம் பேசமாட்டார், ஆனால் எதையும் கழற்றி மாட்டிவிடுவார்.

எங்கள் மோட்டார்களில் மூன்று ஹோண்டா சூப்பர் கப் 110. மற்ற இரண்டும் 125 சிசி. ஜப்பானில் 125 சிசி வரையுள்ள மோட்டார்கள் நெடுஞ்சாலைக்குள் நுழைய முடியாது, மற்ற சாலைகளிலும் 60 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். அதனால் பழைய மலைச்சாலைதான் கதி. அதுவே நல்லதாகப் போயிற்று.

சூப்பர் கப்பைப் பார்த்தவுடனே எனக்கு வீட்டு ஞாபகம் வந்ததற்குக் காரணம் உண்டு. நாம் ‘கப்சாய்’ என்கிறோமே, அந்தப் பெயரில் இருக்கும் ‘கப்’ இதுதான். ‘சாய்’ என்பது சீனத்தில் சிறியது, குட்டி என்று பொருள்படும் சொல் என்பார்கள். 1958ஆம் ஆண்டு ஹோண்டா இதை வெளியிட்டபோது, நூடல்ஸ் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டிப் போகும் கடைப் பையனை மனத்தில் வைத்து வடிவமைத்தார்களாம். அதனால்தான் இடக்கையில் கிளட்ச் இல்லை. அதே 1958இல்தான் பினாங்கின் லோ பூன் சியூ, மலாயாவில் ஹோண்டா மோட்டார்களை விற்கும் உரிமையைப் பெற்றார். அதற்குப் பிறகு நம் தோட்டங்களிலும் கம்பங்களிலும் தாமான்களிலும் இந்த வண்டி ஏறாத சந்து இல்லை. பால் மரம் வெட்டப் போனவர்கள், பாசார் மாலாமில் கடை போட்டவர்கள், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடியவர்கள் எல்லாருக்கும் இதுதான் கால். நான் ஒன்றாம் ஆண்டு படித்தபோது அப்பா வாங்கிய இஎக்ஸ்5 இதன் நேர் வாரிசு. பள்ளிப் பையை முன்கூடையில் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். பதினாறு வயதில் அதே வண்டியில்தான் ஓட்டக் கற்றேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மழை நாளில், குறுக்குப் பாதையிலிருந்து வந்த கார் ஒன்று அப்பாவைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தோட்டத்தை ஒட்டிய சாலை என்பதால் ஆள் நடமாட்டம் கிடையாது. வேலை முடிந்து திரும்பிய ஒருவர் கண்ணில் படும்வரை இருபது நிமிடம் ஈரத் தரையில் கிடந்தார். இப்போது கால் ஊன்றி நடக்கிறார். அலுவலகத்துக்குள்ளேயே கடிதம் பிரிக்கும் வேலை பார்க்கிறார். இஎக்ஸ்5 வீட்டு முன்தாழ்வாரத்தில் கித்தான் போர்த்தி நிற்கிறது. சாவியை அம்மா எடுத்துச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். இனி இந்த வீட்டில் மோட்டார் சத்தமே கேட்கக்கூடாது என்பது அவர் உத்தரவு. அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழக்கும் பத்துப் பேரில் ஆறு பேருக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள்தாம்.

ஆகவே அம்மாவிடம், “நண்பர்களோடு பஸ்ஸில் ஆசோ எரிமலை பார்க்கப் போகிறேன்” என்று சொல்லியிருந்தேன்.

புறப்படும் முன் செம்பாய் வரிசையைச் சொன்னார். அவர் முதலில். எனக்கு இரண்டாவது இடம். பிறகு ஹனோய் தோழி, பண்டுங் அபாங், கடைசியில் சியாங்மாய் நண்பர். ஒருவர் பாதையின் வலப்பக்கம், அடுத்தவர் சற்றுப் பின்தள்ளி இடப்பக்கம் என்று மாறி மாறிப் போகவேண்டும். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆளைக் காணவில்லை என்றால் வேகத்தைக் குறை, அப்படியும் காணவில்லை என்றால் நில்.

“நான் ஏன் இரண்டாவது?” என்று கேட்டேன். “மெதுவாக ஓட்டுபவர்தான் இரண்டாவது” என்று சாதாரணமாகச் சொன்னார். தமிழ்நாட்டிலிருந்து வந்த கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து மலேசியாவில் இருக்கிறோம், கப்சாய் எங்கள் குலச்சொத்து, என்னைப் போய் ‘மெதுவானவள்’ என்கிறாரே என்று உள்ளுக்குள் எரிந்தது. அப்பாவின் விபத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகளாக நான் மோட்டாரைத் தொட்டதே இல்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. முந்திய நாள் சோதனை ஓட்டத்திலேயே அவர் அதைக் கவனித்துவிட்டார் போலும்.

பெப்புவின் பின்புறம் சாலை மலையேறுகிறது. திரும்பிப் பார்த்தால் கடல். முன்னால் 1,583 மீட்டர் உயரமுள்ள யுஃபு மலை. அதன் அடிவாரத்து யுஃபுயின் ஊர், காலை மூடுபனிக்குள் கிண்ணத்துப் பால் போலக் கிடந்தது. அதைத் தாண்டியதும் யாமானாமி நெடும்பாதை தொடங்குகிறது. 1964இல் கட்டணச் சாலையாகத் திறக்கப்பட்டு, 1990களில் கட்டணம் நீக்கப்பட்ட பாதை இது. ஜப்பானில் மோட்டார் ஓட்டுபவர்கள் ஒருமுறையாவது போகவேண்டும் என்று ஆசைப்படும் சாலைகளில் ஒன்று.

இலையுதிர்காலத்தை நான் படத்தில் மட்டுமே பார்த்தவள் என்று நண்பர்கள் நினைத்தார்கள். முழுக்கச் சரியில்லை. ஆண்டுத் தொடக்கத்து வெயில் மாதங்களில் நம் ரப்பர் மரங்களும் பழுத்து, மஞ்சளும் செம்பும் கலந்து, இலையைக் கொட்டும். பாட்டி வீட்டுக்குப் போகும் தோட்டப் பாதையில் அந்தச் சருகுகள்மேல் நடந்திருக்கிறேன். பால் குறைந்துவிடும், கையில் காசும் குறைந்துவிடும் என்பதால் பாட்டிக்கு அந்தப் பருவம் பிடிக்காது. இங்கே நிறம் இன்னும் அடர்த்தி. ஒரே மலைச்சரிவில் மேப்பிள் இரத்தச் சிவப்பு, வேறு சில மரங்கள் மஞ்சள், நடுநடுவே அசையாத பச்சையில் ஊசியிலை மரங்கள். குளிர் தொடங்கியதும் பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு நிறமியைச் சில மரங்கள் அப்போதுதான் புதிதாகச் சுரக்கின்றன. இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் மனப்பாடம் செய்த உயிரியல் பாடம், தலைக்கவசத்துக்குள் இருந்தபடி இப்போதுதான் புரிந்தது.

எதிரே வரும் மோட்டார்காரர்கள் எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டே போனார்கள். நம் ஊரில் எதிர்வண்டி விளக்கை அடித்தால் முன்னால் போலீஸ் தடுப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே முதல் மூன்று பேர் கையாட்டியதும் நான் வேகத்தைக் குறைத்துவிட்டு உரிமம் எந்தப் பையில் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அது வெறும் வணக்கம்தான் என்று பிறகு செம்பாய் சொன்னார். அதற்குப் பிறகு நான்தான் அதிகம் கையாட்டினேன்.

சோஜாபாரு என்ற இடத்தில் நிறுத்தினோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். அங்கிருக்கும் தாதேவாரா சதுப்புநிலம் 2005ஆம் ஆண்டு முதல் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. மரப்பலகை நடைபாதையில் போனால் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு வெள்ளிக் கதிர் விட்ட புல். அதன் பெயர் ‘சுசுகி’ என்றார்கள். நான் மோட்டார் நிறுவனத்தின் பெயர் என்று நினைத்து வண்டியைத் தேடினேன். (எழுத்தும் உச்சரிப்பும் வேறாம்.) சாப்பாட்டு நேரம் வேடிக்கையானது. இந்த வட்டாரத்தின் பெருமையே மாட்டிறைச்சிதான். நான் மாடு சாப்பிடமாட்டேன், பண்டுங் அபாங் ஹலால் பார்ப்பார். இருவரும் கடையில் வாங்கிய சோற்று உருண்டையின் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி, சேர்க்கைப் பொருள் பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சாப்பிட்டோம். பிறகு அவர் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் விரிப்பைப் போட்டுத் தொழுதார். சியாங்மாய் நண்பர் காற்றுக்குத் தன் பையை வைத்து விரிப்பின் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நான் வரிசையை மாற்றச் சொன்னது இங்கேதான்.

காலையிலிருந்து கண்ணாடியில் ஹனோய் தோழியின் முகப்பு விளக்கு என் முதுகை முட்டுவது போலவே இருந்தது. என்னால் எல்லாரும் மெதுவாகப் போகிறார்கள் என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தது. “நான் கடைசியில் வருகிறேன். நீங்கள் உங்கள் வேகத்தில் போங்கள். வழி ஒன்றுதானே?” என்றேன். செம்பாய் தயங்கினார். “கடைசி இடம் கடினம். முன்னால் இருப்பவர் கொஞ்சம் வேகம் கூட்டினால் கடைசி ஆள் மிக அதிகமாகக் கூட்டவேண்டி வரும். ரப்பர் வளையத்தை இழுத்துவிடுவது போல” என்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். சியாங்மாய் நண்பர் தோளைக் குலுக்கிவிட்டு என் இடத்துக்குப் போனார்.

மாகினோதோ கணவாய் 1,330 மீட்டர். அதுவரை ஏற்றம், சமாளித்துவிட்டேன். அதன் பிறகு குமாமோதோ பக்கம் இறக்கம். மரங்கள் அடர்ந்து, வளைவுக்குப் பின் வளைவாக வரும். செம்பாய் சொன்ன ரப்பர் வளையம் இரண்டாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் போன பண்டுங் அபாங் ஒவ்வொரு வளைவிலும் மறைவார். நேர்ப் பாதை வந்ததும் அவரைப் பிடிக்க நான் முறுக்குவேன். அடுத்த வளைவுக்குள் நுழையும்போது என் வேகம் எனக்கே அதிகமாகத் தெரியும். இடப்பக்க வளைவு ஒன்று. வெயில் படாத நிழல். நடுப்பகலிலும் ஈரம் காயாத இலைகள் சாலையில் ஒட்டிக் கிடந்தன, சிவப்பும் மஞ்சளுமாக. அழகாக இருந்தன என்பது இப்போதும் நினைவிருக்கிறது. பயத்தில் வலது காலால் பின் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் என்னை விட்டுத் தனியாகப் போனது.

விழுந்தது பெரிய விழுதல் இல்லை. இடப்பக்கம் சாய்ந்து, வண்டியோடு சில மீட்டர் சறுக்கி, ஓரத்துப் புல்லில் போய் நின்றேன். இடது கால் வண்டிக்கு அடியில். எஞ்சின் நின்றுவிட்டது. வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அமைதி. காற்றில் இலை விழும் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. முன்னால் போனவர்களின் சத்தம் தேய்ந்து மறைந்துகொண்டிருந்தது. வண்டி நூறு கிலோதான் இருக்கும். ஆனால் படுத்த நிலையில் அதைத் தள்ள முடியவில்லை. ஈரத் தரை முதுகில் சில்லிட்டது.

இருபது நிமிடம் என்று அப்பா சொன்னபோது அது எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது.

எனக்கு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. பண்டுங் அபாங் கண்ணாடியில் என்னைக் காணாமல் நின்றிருக்கிறார். அவரைக் காணாமல் ஹனோய் தோழி நிற்க, அவளைக் காணாமல் மற்றவர்கள் நிற்க, நால்வரும் திரும்பி வந்துவிட்டார்கள். “அடெக், ஜாங்கான் கெராக்” என்று அபாங் கத்திக்கொண்டே ஓடி வந்தார்; தங்கச்சி, அசையாதே என்று. இருவர் வண்டியைத் தூக்க, செம்பாய் மேலே போய்ப் பின்னால் வரும் கார்களுக்குக் கை காட்டி நின்றார். முழங்காலில் சிராய்ப்பு, காற்சட்டையில் கிழிசல், கையுறை தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. தரமான கையுறை வாங்கச் சொல்லி முந்திய நாள் ஹனோய் தோழி நச்சரிக்காமல் இருந்திருந்தால் உள்ளங்கைத் தோல் போயிருக்கும். வண்டிக்கு இடப்பக்கக் கண்ணாடி விரிசல். கியர் மிதி உள்பக்கம் வளைந்திருந்தது. சியாங்மாய் நண்பர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கருவிப் பையிலிருந்த சாவியை நெம்பாக வைத்து அதை நிமிர்த்தினார். மிதித்தால் எஞ்சின் மறுபடி உயிர்பெற்றது. இந்த வண்டியின் குணமே அதுதான்.

யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நானே “மன்னிக்கவேண்டும்” என்று ஆரம்பித்தேன். செம்பாய், “நான் எவ்வளவு வேகத்தில் போகவேண்டும் என்பதை இரண்டாவது ஆள்தான் எனக்குச் சொல்லவேண்டும். நீ பின்னால் போய்விட்டால் நான் யாரைப் பார்த்து ஓட்டுவது?” என்றார். அவ்வளவுதான்.

கீழே செனோமோதோ மேட்டுநிலத்தில் ஓய்வுக் கடை ஒன்று இருந்தது. சூடான தேநீர்க் கோப்பையைப் பிடித்தபோதுதான் கை நடுங்க ஆரம்பித்தது. வீட்டை அழைத்தேன். ஏன் அப்போதே அழைத்தேன் என்று தெரியவில்லை. குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. நேரலைப் படத்தில் அப்பா வந்தார். பின்னால் சமையலறையில் அம்மா தாளிக்கும் சத்தம்.

“எரிமலை பாத்தாச்சா மா?”

“இனிமேதான் பா. பஸ் இங்க நிப்பாட்டியிருக்காங்க.”

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பஸ்ல போறவங்க யாரும் ஜாக்கெட்டத் திருப்பிப் போட மாட்டாங்க” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. கன்னத்தில் தலைக்கவசம் அழுத்திய தடமும் இருந்திருக்கவேண்டும். “விழுந்திட்டியா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “அடி?” சிராய்ப்புதான் என்றேன். அடுத்து அவர் கேட்டது, “முன் பிரேக்கா, பின் பிரேக்கா?”

“பின் பிரேக். எல கெடந்துச்சு பா, ஈரமா.”

“வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிடணும். உள்ள போனப்பொறம் பிரேக்க மிதிக்கக் கூடாது. ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன்.” உண்மைதான், சொல்லியிருக்கிறார், அந்த இஎக்ஸ்5இல் நான் முன்னாலும் அவர் பின்னாலும் உட்கார்ந்திருந்த காலத்தில். பிறகு கேட்டார்: “கூட இருக்கறவங்க நின்னாங்களா?”

“திரும்பி வந்தாங்க பா. நாலு பேரும்.”

“அது போதும்” என்றார். பக்கத்தில் அம்மாவின் குரல் கேட்டது: “என்னா சொல்றா? யாரு விழுந்தது?” அப்பா என்னைப் பார்த்தார். நீயே சொல் என்பதுபோல் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பத்து நிமிடத்தை இங்கே எழுதப்போவதில்லை.

மிச்சப் பயணத்தில் எனக்கு மறுபடி இரண்டாவது இடம். நவம்பரில் இங்கே மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். அதற்கு முன் ஆசோவில் செம்பாயின் பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பாட்டி என் காற்சட்டைக் கிழிசலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஊசி நூல் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். தைத்துக்கொண்டே, வழியில் நாங்கள் பார்த்த புல்வெளிகளைப் பற்றிப் பேசினார், செம்பாய் மொழிபெயர்த்தார். அவை தாமாக நிற்பவை அல்லவாம். ஆண்டுதோறும் குளிர்காலம் முடியும் தறுவாயில் ஊரார் சேர்ந்து காய்ந்த புல்லைக் கொளுத்துகிறார்கள். விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் புதர் மண்டிக் காடாகிவிடும், மாடு மேய இடமிருக்காது. இப்போது இளையோர் நகரத்துக்குப் போய்விட்டதால் வெளியூர்த் தொண்டர்களும் வந்து உதவுகிறார்களாம். தோட்டத்தை விட்டு எல்லாரும் போன பிறகு லாலாங் மூடிப்போன எங்கள் பாட்டி வீட்டு வரிசை எனக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் விடியலில் டைகான்போ முகடு, 936 மீட்டர். ஆசோ எரிமலைப் பள்ளம் தெற்கு வடக்காக 25 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டர். உள்ளே வயல், இரயில் பாதை, பள்ளிக்கூடம் என்று ஏறக்குறைய 50,000 பேர் வாழ்கிறார்கள். அன்று அவ்வளவும் மேகத்துக்கு அடியில். மேகத்துக்கு மேலே ஆசோவின் ஐந்து சிகரங்கள் மட்டும், படுத்திருக்கும் புத்தரைப் போல. அதில் ஒன்று புகைந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து ‘பால் சாலை’. பண்ணைகளிலிருந்து பால் ஏற்றிப்போன பாதை என்பதால் அந்தப் பெயர். 2016 ஏப்ரல் நிலநடுக்கத்தில் கீழே உள்ள பெரிய சாலை மண்சரிவில் மூடிக்கொண்டு, ஆசோ பெரும்பாலமும் இடிந்து விழுந்தபோது, இந்த மேய்ச்சல் பாதைதான் ஊருக்கு வழியாக இருந்தது. பெரிய சாலை 2020இலும் புதிய பாலம் 2021இலும்தான் திறந்தன. அந்த நாட்களில் செம்பாய் இடைநிலைப்பள்ளி மாணவர். இரவெல்லாம் லாரிகள் இதில் ஊர்ந்து போகும் விளக்கு வரிசையைப் பார்த்திருக்கிறாராம்.

பால் சாலை இறங்கி முடியும் ஊர் ஓசு. அங்கே நான் கேட்டுக்கொண்டதால் ஓர் இடத்தில் நிறுத்தினோம். ஹோண்டாவின் குமாமோதோ தொழிற்சாலை. சூப்பர் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது 2017 அக்டோபரில். அதைக் கொண்டாடிய இடம் இது. விடுமுறை என்பதால் வாயில் மூடியிருந்தது. உள்ளே பார்க்க ஒன்றுமில்லை, நீண்ட கூரைகளைத் தவிர. சிராய்ப்பும் விரிசல் கண்ணாடியுமாக இருந்த என் வண்டியை வாயிலுக்கு முன் நிறுத்திப் படம் எடுத்து, “நம்ம மோட்டாரோட தாய் வீடு பா” என்று எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. பெப்பு திரும்பிச் சேதத்துக்கு 6,000 யென் கட்டி, வண்டியை ஒப்படைத்தேன்.

நான்கு நாள் கழித்து ஒரு படம் வந்தது. அனுப்பியது அம்மா. முன்தாழ்வாரத்தில் கித்தான் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது. தூசு துடைத்த இஎக்ஸ்5 மேல் அப்பா உட்கார்ந்திருக்கிறார், வலது கால் தரையில், வீட்டு லுங்கியோடு, ஜாக்கெட் எதுவும் இல்லாமல். படத்துக்குக் கீழே அம்மாவின் குரல் பதிவு:

“பிளக்க மட்டும் சுத்தம் பண்றேன்னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரமா ஒக்காந்திருக்காரு. சாவி இன்னும் சாமி மேடயிலதான் இருக்கு, அத ரெண்டு பேரும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பஸ்ல போறேன்னு சொன்னதுக்கு ஒனக்குத் தனியா இருக்கு. பிப்ரவரியில வா.”